டப்பைச் சுற்றிச் சிமென்ட் பலகை: வெட்டியது, பொருத்தியது, கழற்றியது

6 ஜனவரி 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

நாங்கள் கனடாவின் ஸ்கார்பரோவில் 1976-ஆம் ஆண்டு கட்டப்பட்ட வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். குளியல் டப்பைச் சுற்றியுள்ள டைல்கள் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கின்றன. ஒன்றைப் பெயர்த்துப் பார்த்ததில் பின்னால் இருக்கும் ஜிப்சம் பலகை ஊறிக் கூழாகிக் கிடக்கிறது. சிமென்ட் பலகை போட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது என்று கடையில் சொன்னார்கள். அதன்மேல் நேராக டைல் ஒட்டிவிடலாமா? வெட்டுவதற்கு கிரைண்டர் (தகடு சுழன்று வெட்டும் கை இயந்திரம்) கட்டாயம் வேண்டுமா?

7 ஜனவரி 2024

கடையில் சொன்னது பாதிதான் சரி. சிமென்ட் பலகை தண்ணீரால் கெடாது. ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் செய்யாது. சென்ற இலையுதிர்காலத்தில் எங்கள் குளியலறையைப் பிரித்தபோது, வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றையும் ஜிப்சம் பலகைத் துண்டு ஒன்றையும் ஒரே வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டு வைத்தேன். காலையில் சிமென்ட் துண்டு உள்ளே வரை கருத்து, கையில் கனத்தது. ஆனாலும் நகத்தால் கீறினால்கூடப் பொடி உதிரவில்லை. ஜிப்சம் துண்டின் காகிதம் தோலுரிந்து, நடுவில் இருந்தது ஊறிய சுண்ணாம்பு போல விரலோடு வந்தது. இரண்டு பலகைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நனைந்த சிமென்ட் பலகைக்கு ஒன்றும் ஆகாது என்றாலும், அது உறிஞ்சிய ஈரம் பின்னாலிருக்கும் மரச்சட்டத்தைப் போய்ச் சேரும்.

எனவே தண்ணீரை எந்த இடத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்பதைப் பலகை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பலகைக்குப் பின்னால், சட்டத்தின் மேல், பாலிதீன் விரிப்போ தார்க்காகிதமோ அடித்து, அதன் கீழ்விளிம்பு டப்பின் உதட்டுக்கு (சுவரோரமாக மேலெழும்பி நிற்கும் விளிம்புக்கு) முன்னால் தொங்குமாறு விடுவது ஒரு வழி. பலகையின் முகத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து அதன்மேல் டைல் ஒட்டுவது இன்னொரு வழி. இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பது எனக்கு நேர்ந்த கதை, பிறகு எழுதுகிறேன்.

கிரைண்டர் கட்டாயமில்லை.

7 ஜனவரி 2024, இரவு

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். 1976-ஆம் ஆண்டு வீடு என்கிறீர்கள். அக்காலத்து ஜிப்சம் பலகைகளின் இணைப்புகளில் பூசிய பசையில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்தான நார்க் கனிமம்) கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இதற்குமேல் ஒரு டைலைக்கூடப் பெயர்க்காமல், சிறு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு தெரிந்துகொண்டு தொடருங்கள். நான் அனுப்பினேன்; இல்லை என்று பதில் வந்த பிறகே கடப்பாரையை எடுத்தேன்.

9 ஜனவரி 2024

வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் முதல் பலகையை வீணாக்கியது இந்த இடத்தில்தான்.

கடையில் சிமென்ட் பலகை என்ற ஒரே பெயரில் இரண்டு வகைகள் அடுக்கியிருப்பார்கள். டியூராக், வொண்டர்போர்ட் போன்றவற்றில் நடுவில் சிமென்ட் கலவையும் இரு முகங்களிலும் கண்ணாடி இழை வலையும் இருக்கும். ஹார்டிபேக்கர் வகையில் வலை கிடையாது. மரக்கூழ் இழை பலகை முழுவதும் கலந்திருக்கும். முதல் வகையை வெட்டும்போது விளிம்பு மணல் மணலாக உதிரும். இரண்டாவது வகை இறுக்கமானது, விளிம்பு சுத்தமாக வரும், ஆனால் திருகாணி எளிதில் இறங்காது.

மூன்றடிக்கு ஐந்தடிப் பலகை, வகையைப் பொறுத்து ஏறக்குறைய 13 முதல் 20 கிலோ வரை இருக்கும். தரையில் படுக்கவைத்து, கோடு போட்டு, இரும்புச் சட்டத்தை அதன்மேல் வைத்து முழங்காலால் அழுத்திக்கொள்ள வேண்டும். கார்பைடு முனை பொருத்திய கீறுகத்தியால் ஒரே திசையில் இழுங்கள். முதல் இழுப்பில் அழுத்தக் கூடாது. அது கத்திக்கு வழி காட்டுவதற்கு மட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் அழுத்தி இழுத்தால், வலை வைத்த பலகையில் நரம்பு அறுபடுவது போல ஒரு நறநறப்பு கையில் தெரியும். வலை முழுக்க அறுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு கீறலுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, மறுபக்கத்தை அழுத்தினால் பலகை சடக்கென்று முறியும். பின்முக வலை மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும், அதைச் சாதாரணக் கத்தியால் அறுத்துவிடலாம்.

நான் முதல் முறை ஒரே இழுப்பில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வலை இரண்டு இடங்களில் அறுபடாமல் இருந்திருக்கிறது. முறித்தபோது கோட்டை விட்டு விலகி, இலங்கை வரைபடம் போல ஒரு துண்டு கையோடு வந்தது.

சாதாரண மடக்குக் கத்தியாலும் கீறலாம். ஆனால் நான்கடி நீளத்துக்குள் மூன்று அலகுகள் மொட்டையாகும். கார்பைடு கத்தியின் விலை அந்த அலகுகளின் விலையைவிடப் பெரிதொன்றுமில்லை.

10 ஜனவரி 2024

இருபது ஆண்டுகளாக இத்தொழில் செய்யும் ஒருவர், "கத்தியால் கீறிக்கொண்டிருந்தால் ஒரு குளியலறைக்கு ஒரு வாரம் ஆகும், கிரைண்டரில் பத்து நிமிடம்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் கைவேகம் எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நானும் கிரைண்டர் வைத்துப் பார்த்தேன். வலைப் பலகையில் வைரத் தகடு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது என்பதும் உண்மை. டிசம்பர் மாதம், பின்புறத் தாழ்வாரத்தில் வைத்து இரண்டே வெட்டுகள். திரும்பிப் பார்த்தால், அன்று காலை பெய்திருந்த வெண்பனியின்மேல் ஆறடி தூரத்துக்குச் சாம்பல் நிறப் போர்வை விரித்திருந்தது. பனி இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தூசி எவ்வளவு தூரம் போகிறது என்பது என் கண்ணில் பட்டிருக்காது.

அந்தத் தூசியில் இருப்பது சிலிக்கா, மணலில் உள்ள அதே கனிமம். கண்ணுக்குத் தெரியும் பொடியைவிடத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. கைப்பிடி உப்பை ஊர் முழுக்கத் தூவியது போன்ற அளவு அது. ஆகவே நேர்வெட்டு அனைத்தையும் கத்தியால் கீறி முறிப்பது, வளைவும் துளையும் வரும் இடத்தில் மட்டும் இயந்திரம், அதுவும் வெளியில், நீர் தெளித்துக்கொண்டு, முகத்தில் இறுகப் பொருந்தும் வடிகட்டி முகமூடியோடு என்று வைத்துக்கொண்டேன். மருத்துவமனைத் துணி முகமூடி இதற்கு உதவாது.

11 ஜனவரி 2024

துளைகள். குழாய்க் கட்டுப்பாட்டுக் குமிழுக்கான பெரிய துளைக்கு, கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பத்தை ட்ரில்லில் மாட்டி மெதுவான சுழற்சியில் இறக்கினேன். பூக்குழாய் (ஷவர்) கம்பிக்கான சிறு துளைக்குக் கல் துளைக்கும் அலகே போதும். வட்ட ரம்பம் இல்லாதவர்கள் வட்டம் வரைந்து, கோட்டின்மேல் நெருக்கமாகச் சிறு துளைகள் இட்டு, இரு முகத்து வலையையும் கத்தியால் அறுத்துவிட்டு, நடுவைச் சுத்தியலால் தட்டி எடுக்கலாம். ஓரம் கரடுமுரடாகத்தான் இருக்கும். உலோக வளையம் அதை மூடிவிடும். அளவெடுக்கும்போது டப்பின் விளிம்பிலிருந்து அளக்காமல், பலகையின் கீழ்விளிம்பு நிற்கப்போகும் இடத்திலிருந்து அளங்கள். டப்புக்கும் பலகைக்கும் நடுவே விட வேண்டிய கால் அங்குலத்தை மறந்ததால் என்னுடைய ஒரு துளை முட்டை வடிவமாகிவிட்டது.

13 ஜனவரி 2024

பொருத்துவதைப் பற்றி. பலகையைத் தூக்குவதற்கு முன் சட்டங்களைப் பாருங்கள். நீளமான ரசமட்டத்தைக் குறுக்காக வைத்தபோது என் நடுச்சட்டம் ஒன்று இரண்டு நூல் உள்வாங்கியிருந்தது. (நூல் என்றால் தெரியாத இளையோருக்கு: ஊர்த் தச்சர் கணக்கில் ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இந்த வேலைக்கென்றே அளந்து வைத்தது போன்ற அலகு.) ஜிப்சம் பலகையில் இப்படி ஒரு பள்ளம் வந்தால் பூசிச் சரிக்கட்டலாம். டைலில் அது தெரிந்துவிடும், அதிலும் நீளமான டைலில் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். உள்வாங்கிய சட்டத்தின் முகத்தில் மெல்லிய மரப்பட்டை அடித்துச் சமன் செய்தேன்.

என் டப் 30 அங்குல அகலம். பலகை 36 அங்குலம். டப்பின் முன்விளிம்பைத் தாண்டி ஆறு அங்குலம் பலகை போவது நல்லதுதான், திரைச்சீலைக்கு வெளியே தெறிக்கும் நீர் அங்கேதான் விழும். ஆனால் அந்த முனைக்குப் பின்னால் சட்டமே இல்லை. ஒரு புதுச் சட்டம் நிறுத்த வேண்டியதாயிற்று. சுவர் திறந்திருந்த அந்த வேளையிலேயே, அம்மா பிடித்து எழுவதற்கான கைப்பிடி வரப்போகும் உயரத்தில் சட்டங்களுக்கு இடையே அகலமான மரக்கட்டை ஒன்றும் அடித்து வைத்தேன். சுவரை மூடிய பிறகு அதைச் செய்ய வழியில்லை.

பின்சுவர் 59¾ அங்குலம். பலகை 60. இரு மூலைகளிலும் ஒவ்வொரு நூல் இடைவெளி விட்டால், பலகையில் அரை அங்குலம் கழிக்க வேண்டும். அரை அங்குலத்தைக் கீறி முறிக்க முடியாது, பிடிக்க இடமிராது. கீறிவிட்டு, குறடால் பல்லைப் பிடுங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தேன். மூன்று பலகைகளுக்கும் அதே கதை. உங்கள் சுவரை முதலில் அளந்துவிட்டு அதன்பின் பலகையின் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. டப்பின் உதட்டுக்கு மேலே இரண்டு நூல். பலகை டப்பின்மேல் உட்கார்ந்துவிட்டால் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போலக் கீழிருந்து நீரை மேலே இழுக்கும். கால் அங்குல மரத்துண்டுகளை உதட்டின்மேல் வரிசையாக வைத்து, பலகையை அவற்றின்மேல் நிறுத்தித் திருகாணி முடுக்கிய பிறகு துண்டுகளை உருவிவிட்டேன். நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்காதபடி, செங்கல் அடுக்குவது போல இணைப்புகளை மாற்றி மாற்றி அமைத்தேன்.

13 ஜனவரி 2024, சற்று பிறகு

திருகாணி: சிமென்ட் பலகைக்கென்றே விற்கும், துருப்பிடிக்காத மேற்பூச்சுள்ள, 1¼ அங்குலம். ஜிப்சம் பலகைக்கான கறுப்புத் திருகாணி துருப்பிடிக்கும், தலையும் துண்டாகும். எட்டு அங்குலத்துக்கு ஒன்று. விளிம்பிலிருந்து மூன்று நூலாவது உள்ளே, மூலையிலிருந்து இரண்டு அங்குலமாவது உள்ளே. இல்லாவிட்டால் மூலை பொரித்த அப்பளம் போல உடையும்.

தலை பலகையின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே புதைந்தால் வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். பிடிப்பு என்பது கண்ணுக்கு மட்டுமே இருக்கும்.

16 ஜனவரி 2024

வாக்களித்த கதை. மூன்று சுவர்களுக்கும் பின்னால் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனுள்ள பாலிதீன் விரிப்பை நேர்த்தியாக அடித்தேன். கனடாவில் எந்தச் சுவரைத் திறந்தாலும் பாலிதீனைப் பார்த்துப் பழகியதால் வந்த கைப்பழக்கம் அது. அதன்மேல் பலகைகளைப் பொருத்தி, 150-க்கு மேல் திருகாணிகள் முடுக்கி, தோள்பட்டை வலியோடு உட்கார்ந்து, முகத்தில் அடிப்பதற்கு ரெட்கார்ட் என்ற நீர்த்தடுப்புப் பூச்சின் வாளியைத் திறந்தேன். பின்னால் பாலிதீனும் முன்னால் நீர்த்தடுப்புப் பூச்சுமாக இருந்தால், நடுவில் எப்படியோ புகும் ஈரம் எந்தப் பக்கமும் காய்ந்து வெளியேற முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பலகை கெடாது, திருகாணியும் சட்டத்தின் முகமும் கெடும். கேட்ட நண்பர்களில் ஒருவர், "ஒன்றும் ஆகாது, பூசிவிடு" என்றார். இன்னொருவர், "உனக்கே தெரிந்த பிறகு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தினமும் குளிப்பாயா?" என்றார்.

கழற்றினேன். என் மூன்று சுவர்களும் உட்சுவர்கள், ஆகவே பாலிதீன் தேவையே இல்லை. கழற்றிய பலகையை அதே துளைகளில் மீண்டும் முடுக்க முடியாது, பிடிக்காது. ஒவ்வொரு திருகாணியையும் ஓர் அங்குலம் தள்ளி முடுக்கினேன்.

17 ஜனவரி 2024

"என் டப் வெளிச்சுவரை ஒட்டியிருக்கிறது, நானும் பாலிதீனைக் கிழித்துவிடலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். வெளிச்சுவரில் அது இருப்பது குளியல் நீருக்காக மட்டுமல்ல. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் போய்ப் பனித்துளியாகப் படியாமல் தடுக்கும் ஆவித்தடுப்பு அது. அதை வைத்துக்கொண்டு, முன்பூச்சு இல்லாமல், விரிப்பின் கீழ்விளிம்பு டப்பின் உதட்டுக்கு முன்னால் இறங்கும்படி செய்வது பழைய வழி. வேறு எதைச் செய்வதானாலும் உங்கள் நகராட்சிப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நேற்று நான் எழுதியது உட்சுவருக்கு மட்டும் என்று தலைப்பிலேயே போட்டிருக்க வேண்டும், என் தவறு.

20 ஜனவரி 2024

இணைப்புகள். பலகைகளுக்கு நடுவே விட்ட ஒரு நூல் இடைவெளியில் தின்செட் என்ற டைல் ஒட்டும் சிமென்ட் கலவையைக் கரணையால் அழுத்தி நிரப்பி, அதன்மேல் இரண்டு அங்குலக் கண்ணாடி இழைப் பட்டையைப் பதித்து, மறுபடி மெல்லிய தின்செட். மூலைகளிலும் அப்படியே. பட்டை வாங்கும்போது கவனம்: ஜிப்சம் பலகைக்கு விற்கும் பட்டையும் பார்ப்பதற்கு இதே போலத்தான் இருக்கும். சிமென்டின் காரம் சாதாரணக் கண்ணாடி இழையை நாளடைவில் அரித்துவிடும். காரம் தாங்கும் பட்டை என்று சுருளின்மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். என் கையில் முதலில் ஏறியது தவறான சுருள். நல்லவேளையாக மனைவி படித்துப் பார்த்தாள்.

தின்செட் பூசுவதற்கு முன் ஈரப் பஞ்சால் பலகையை ஒரு முறை துடைத்தால் தூசியும் போகும், பலகை கலவையின் நீரை அவசரமாக உறிஞ்சுவதும் குறையும். குறிப்பாக ஹார்டிபேக்கர் வகை தாகம் மிகுந்தது. கட்டுவதற்கு முன் கொத்தனார் செங்கல்லை நனைக்கச் சொல்வாரே, அதே காரணம்தான்.

தஞ்சாவூரிலிருந்து காணொளியில் பார்த்த அப்பா, "சுவர் மேல் டைல் ஒட்டுவதற்கு இவ்வளவு கூத்தா?" என்றார். அங்கே செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, அதன்மேல் டைல். பலகைக்கு வேலையே இல்லை. இங்கே மரச்சட்டம் கோடையில் ஊதி, குளிரில் சுருங்குகிறது என்று விளக்கினேன். "அப்படியானால் செங்கலில் கட்ட வேண்டியதுதானே" என்று முடித்துவிட்டார்.

24 ஜனவரி 2024

13-ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம். பலகையும் ஜிப்சமும் சந்திக்கும் இடம் சமமாக வரும் என்று நினைத்திருந்தேன், அதனால் அதைப் பற்றி எழுதவே இல்லை. அரை அங்குலம் என்று விற்கப்படும் ஹார்டிபேக்கரின் உண்மையான தடிமன் 0.42 அங்குலம். அதைப் பொருத்துகிறவர்களுக்கு அரை அங்குல ஜிப்சத்தோடு சேரும் இடத்தில் அரை நூலுக்குச் சற்று மேல் படி விழும். சட்டத்தில் மெல்லிய அட்டைப்பட்டை அடித்துச் சரிக்கட்டலாம், அல்லது கடைசி டைல் வரிசை அந்தப் படியை மூடும்படி திட்டமிடலாம். நான் டைலால் மூடினேன்.

29 ஜனவரி 2024

ரெட்கார்ட் பூச்சு: அடிக்கும்போது குழந்தையின் பிறந்தநாள் கேக் போல இளஞ்சிவப்பு, காய்ந்ததும் அடர்சிவப்பு. எங்காவது இளஞ்சிவப்பு மிச்சமிருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். இரண்டு பூச்சுகள், இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. திருகாணித் தலைகளையும் மூலைகளையும் முதலில் தூரிகையால் தொட்டுவிட்டு, பிறகு உருளையால் பரப்புங்கள்.

3 பிப்ரவரி 2024

"முகத்தில் நீர்த்தடுப்பு அடித்துவிட்டால் பின்னால் எந்தப் பலகை இருந்தால் என்ன? ஜிப்சமே போதாதா?" என்ற கேள்வி இரண்டு நாட்களாக என்னைக் குடைகிறது. சாதாரணக் கேள்வியில்லை அது. கெர்டி போன்ற நீர்த்தடுப்பு ஒட்டுவிரிப்பு முறையில், விரிப்பைத் தயாரிப்பவர்கள் ஜிப்சத்தின் மேலேயே ஒட்ட அனுமதிக்கிறார்கள். நீர் விரிப்பில் நின்றுவிடும் என்றால் பின்னால் உள்ளது நனையாது என்பது அவர்களின் கணக்கு, கணக்கில் பிழையில்லை. நுரைப் பலகைகளும் இருக்கின்றன. ஒரு கையால் தூக்கலாம், சாதாரணக் கத்தியால் வெட்டலாம், தூசி இல்லை, விலைதான் கூடுதல். அடுத்த குளியலறைக்கு அதை வாங்குவேன் என்றே தோன்றுகிறது. ஆனால் கையால் பூசும் பூச்சில் ஊசிமுனைத் துளை ஒன்று விட்டுப்போவது எனக்குச் சகஜம். அப்படி விட்டுப்போன இடத்துக்குப் பின்னால் வாளியில் கூழாகாத பலகை இருப்பது எனக்கு ஆறுதல்.

11 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் பலகைகளைப் பொருத்தி முடித்துவிட்டாராம். ஆய்வக முடிவும் நல்லபடியாக வந்ததாம். டப்புக்கும் டைலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் என்ன போடுவது என்று கேட்கிறார். டைல்களுக்கு நடுவே போடும் கிரவுட் அங்கே நிற்காது, வெடித்துவிடும், சிலிக்கோன் போடுங்கள். உங்கள் டப் அக்ரிலிக் என்றால், முதலில் அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அந்தப் பாரத்தில் டப் சற்றே இறங்கி நிற்கும்போது சிலிக்கோன் இட்டு, இறுகும்வரை நீரை விடாமல் வையுங்கள். வெறும் டப்பில் இட்டால், முதல் குளியலிலேயே இடைவெளி விரிந்து சிலிக்கோன் ஒருபக்கம் பிய்ந்துகொள்ளும்.

நாங்கள் ஒரு முழு நாள் அப்படி வைத்திருந்தோம். ஆறு வாரமாகப் பக்கத்து வீட்டில் குளித்துக்கொண்டிருந்த என் மகன், நிறைந்திருந்த டப்பின் அருகே துண்டும் கையுமாக மூன்று முறை வந்து நின்றுவிட்டுப் போனான்.